குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களும் பெருங்குடற் கலங்களின் வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். சமிபாட்டுத் தொகுதி என்ற பாடத்தில் சிறுகுடலுக்கு நான்கு நாட்களைச் செலவிட்டுவிட்டுப் பெருங்குடலை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். நீரை அகத்துறிஞ்சும், மலத்தைத் தேக்கிவைக்கும் என்ற இரண்டு வரிகளோடு மாணவர்களும் எழுந்துவிடுவார்கள். அண்மைக் காலமாக அவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும், பியூற்றிரேற்று என்ற பொருளைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது குடற்புற்றைத் தடுக்கும் என்று ஒருவர் வாசித்திருக்கிறார். அது குடற்கலங்களை வளரச் செய்யும் என்று வாசித்த இன்னொருவர், வளரச் செய்யும் பொருள் புற்றை எப்படித் தடுக்கும் என்று கேட்கிறார். இரண்டாமவரின் கேள்வி கூர்மையானது. கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அதற்கான விடைதான்.

குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் எவை?

ஆறுக்குக் குறைவான காபன் அணுக்களைக் கொண்ட கொழுப்பமிலங்களை இப்பெயரால் அழைக்கிறார்கள். பெருங்குடலில் பெருமளவில் இருப்பவை மூன்று: இரண்டு காபன் அணுக்களைக் கொண்ட அசற்றேற்று, மூன்றைக் கொண்ட புரொப்பியோனேற்று, நான்கைக் கொண்ட பியூற்றிரேற்று. இவை ஏறத்தாழ 60:20:20 என்ற விகிதத்தில் காணப்படுகின்றன. முதலாவது வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் வடிவம். மூன்றாவது காறிப்போன பட்டரின் நாற்றத்துக்குக் காரணமானது, அதன் பெயரும் பட்டரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. கொழுப்பு என்ற சொல்லைக் கண்டு இரத்தப் பரிசோதனையில் எழுதித் தரும் கொழுப்போடு இவற்றைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. இவை நீரில் எளிதில் கரையும் சிறிய மூலக்கூறுகள்.

இவை உணவிலிருந்து நேரடியாக வருகின்றனவா, உடலில் உண்டாகின்றனவா?

நம் உடல் இவற்றைக் குடலுக்குள் சுரப்பதில்லை; பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களே உண்டாக்குகின்றன. நம்முடைய நொதியங்களால் உடைக்க முடியாத நார்ப்பொருளும், சிறுகுடலில் சமிபாடடையாமல் தப்பிவரும் மாப்பொருளும் பெருங்குடலை அடையும்போது, ஒட்சிசன் இல்லாத அச்சூழலில் அவற்றைப் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்கின்றன. அந்த நொதித்தலின் கழிவுதான் இந்த அமிலங்கள். பியூற்றிரேற்றை உண்டாக்குவதில் பீக்கலிபற்றீரியம், ரோசபூரியா ஆகிய சாதிகள் முன்னிற்கின்றன.

1987 இல் ஜோன் கமிங்சும் அவருடைய குழுவினரும், திடீர் மரணமடைந்தவர்களின் குடலை மரணம் நிகழ்ந்து சில மணி நேரத்துக்குள் ஆராய்ந்து இவ்வமிலங்களின் அளவைக் கணித்தார்கள். பெருங்குடல் தொடங்கும் குருட்டுக்குடற் பகுதியில் ஒரு கிலோகிராம் உள்ளடக்கத்துக்குச் சுமார் 130 மில்லிமூல் இருந்தது. இறங்கு குடலை அடையும்போது அது 80 அளவுக்குக் குறைந்திருந்தது. நொதிக்கத்தக்க நாரின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே தீர்ந்துபோவதும், உண்டான அமிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வழியிலேயே உட்சுவரால் அகத்துறிஞ்சப்படுவதும் இதற்குக் காரணம். பெருங்குடற் புற்று அதிகமாகத் தோன்றும் இடங்களில் இறங்கு பக்கமும் மலக்குடலும் அடங்குகின்றன என்பதை இவ்விடத்தில் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதை மட்டும் கொண்டு காரணம் இதுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது.

பெருங்குடலின் உட்சுவரில் கலங்கள் எப்படி வளர்கின்றன?

இதை விளங்கிக்கொள்ளாமல் மேலே செல்வதில் பயனில்லை. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

ஆரோக்கியமான பெருங்குடலின் மெல்லிய வெட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், சோதனைக் குழாய்களை நெருக்கமாக நிறுத்தி வைத்ததைப் போல நேரான குழிகள் வரிசையாகத் தெரியும். சிறுகுடலில் உள்ளதைப் போல விரல்முளைகள் இங்கே இல்லை, குழிகள் மட்டுமே. ஒவ்வொரு குழியின் சுவரும் ஒற்றை அடுக்குக் கலங்களால் ஆனது. இடையிடையே சளியை நிரப்பிக்கொண்டு வெள்ளையாக உப்பியிருப்பவை கிண்ணக் கலங்கள். பிரிவடையும் கலங்களில் மட்டும் இருக்கும் கீ-67 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிய வெட்டு என்றால், குழியின் அடிப்பகுதியில் மட்டும் கருக்கள் கபில நிறமாகத் தெரியும்; மேலே போகப் போக நீல நிறக் கருக்களே இருக்கும். மாணவர்களிடம் முதலில் இந்தப் படத்தைக் காட்டி, நிறம் எங்கே மாறுகிறது என்று மட்டும் கேட்பேன். அதைச் சரியாகக் கண்டுகொண்ட பிள்ளைக்கு மிகுதிப் பாடம் கடினமாக இருப்பதில்லை.

குழியின் அடியில் தண்டுக்கலங்கள் இருக்கின்றன. அவை பிரிந்து உண்டாகும் மகட்கலங்கள் மேல்நோக்கி நகரும்போது சில தடவைகள் பிரிந்து, பின்னர் பிரிவை நிறுத்தி, நீரையும் உப்பையும் அகத்துறிஞ்சும் முதிர்ந்த கலங்களாகவோ சளி சுரக்கும் கலங்களாகவோ மாறுகின்றன. குழியின் மேல்வாயை அடைந்தவை தம் காலம் முடிந்து குடலுக்குள் உதிர்ந்துவிடும். அடியில் பிறந்து மேலே உதிர்வதற்குள் கழிவது ஏறத்தாழ நான்கைந்து நாட்கள். ஆகவே வளர்ச்சி என்று இங்கே பேசும்போது, சுவர் தடிப்பதை அல்ல, இந்த இடைவிடாத பிறப்பும் முதிர்வும் உதிர்வும் ஒன்றுக்கொன்று ஈடாக நடப்பதையே குறிக்கிறோம்.

இந்தக் கலங்களுக்கு அமிலங்கள் எவ்வாறு உணவாகின்றன?

உடலின் பெரும்பாலான கலங்கள் இரத்தத்தில் வரும் குளுக்கோசை எரித்து வாழ்கின்றன. பெருங்குடற் கலம் விதிவிலக்கு. அது குடலின் உட்பக்கத்திலிருந்து வரும் பியூற்றிரேற்றையே முதலில் தெரிந்தெடுக்கிறது. சத்திரசிகிச்சையின்போது பெறப்பட்ட மனிதப் பெருங்குடலிலிருந்து கலங்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த ரோடிகர், அவை பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 70 சதவீதம் பியூற்றிரேற்றை எரிப்பதற்கே செலவாகிறது என்று 1980 இல் எழுதினார். குளுக்கோசை அருகில் வைத்தாலும் கலம் பியூற்றிரேற்றைக் கைவிடவில்லை.

வேறொரு உயிரினத்தின் கழிவை முதன்மை எரிபொருளாகக் கொண்ட இழையம் ஒன்று நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. பாடநூலில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படாதது எனக்கு எப்போதும் மனக்குறைதான்.

அந்த உணவு கிடைக்காமற்போனால் என்ன நடக்கும்?

பற்றீரியா எதுவும் அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் டொனோஹோவும் அவருடைய சகாக்களும் 2011 இல் இதைப் பார்த்தார்கள். அவ்வெலிகளின் பெருங்குடற் கலங்களில் சக்தி வறண்டு, அவை தம் உட்பொருட்களைத் தாமே சமிபாடடையச் செய்துகொண்டிருந்தன. பட்டினி கிடக்கும் கலம் செய்யும் வேலை இது. பியூற்றிரேற்றை உண்டாக்கும் பற்றீரியாவைக் குடியேற்றியபோதோ, பிரித்தெடுத்த கலங்களுக்குப் பியூற்றிரேற்றைச் சேர்த்தபோதோ அது நின்றது.

மனிதரிலும் ஒப்பான நிலை ஒன்று உண்டு. சத்திரசிகிச்சை மூலம் மலத்தை வயிற்றுத் துவாரத்தினூடாகத் திசைதிருப்பிவிட்டால், அதற்குக் கீழே எஞ்சியுள்ள குடற்பகுதிக்கு நாரும் அமிலமும் போய்ச் சேருவதில்லை. அப்பகுதியின் உட்சுவர் அழற்சியடைந்து இரத்தம் கசியக்கூடும். ஹாரிக்கும் சகாக்களும் இம்மூன்று அமிலங்களின் கலவையை எனிமாவாகச் செலுத்தியபோது அழற்சி தணிந்ததாக 1989 இல் அறிவித்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின்னர், இவ்வமிலங்களை இரு வாரங்கள் எனிமாவாகச் செலுத்திப் பார்த்த ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதலாவதைச் சொல்பவர்கள் இரண்டாவதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இவை கல வளர்ச்சியைத் தூண்டுகின்றன என்று சொல்லலாமா?

சாதாரண இழையத்தைப் பொறுத்தவரை, குறிப்பாக எரிபொருள் குறைந்திருந்த இழையத்தைப் பொறுத்தவரை, ஆம். சகாட்டா 1987 இல் எலிகளின் குடலுக்குள் இவ்வமிலங்களைச் செலுத்தியபோது குழிகளில் கலப்பிரிவு கூடியது. நார் இல்லாத உணவில் மெலிந்துபோன உட்சுவர், நொதிக்கத்தக்க நாரைச் சேர்த்தவுடன் மீள்வதற்கும் இது ஒரு விளக்கமாயிற்று.

ஆனால் இந்தத் தூண்டலுக்கு ஓர் எல்லை உண்டு. பிரிவு கூடுவது பெரும்பாலும் குழியின் அடிப்பகுதிக்குள்ளேயே நிகழ்கிறது. புற்றுக்கு முன்னோடியான நிலைகளில் காணப்படுவது வேறு: கபிலக் கருக்கள் மேலே ஏறி, முதிர்ந்து உதிர வேண்டிய இடத்திலும் கலங்கள் பிரிந்துகொண்டிருக்கும். எத்தனை கலங்கள் பிரிகின்றன என்பதைவிட, எந்த உயரத்தில் பிரிகின்றன என்பதைக் கேட்பதே பொருத்தம். நாற்றுமேடையில் பயிர் அடர்ந்தால் யாரும் அதைக் களை என்று பிடுங்குவதில்லை.

சாதாரணக் கலத்தை வளர்க்கும் அதே பொருள் புற்றுக்கலத்தை எப்படி நிறுத்துகிறது?

ஆய்வாளர்கள் இதைப் பியூற்றிரேற்று முரண் என்று அழைக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் பெருங்குடற் புற்றுக்கலங்களுக்குச் சில மில்லிமூலர் செறிவில் பியூற்றிரேற்றைச் சேர்த்தால், அவை பிரிவை நிறுத்துகின்றன, முதிர்ந்த கலத்தின் இயல்புகளைக் காட்டத் தொடங்குகின்றன, பல இறந்தும் விடுகின்றன. விளக்கம் அக்கலம் எதை எரிக்கிறது என்பதில் இருக்கிறது.

சாதாரண பெருங்குடற் கலத்துக்குள் நுழையும் பியூற்றிரேற்று நேரே, கலத்துக்குச் சக்தியை உண்டாக்கும் இழைமணிக்குப் போய் எரிந்து தீர்ந்துவிடும். புற்றுக்கலம் அப்படியல்ல. ஒட்டோ வார்பேர்க் 1920களில் கண்டறிந்தபடி, ஒட்சிசன் தாராளமாக இருந்தாலும் அது குளுக்கோசை அரைகுறையாக உடைத்து இலற்றேற்றாக்கியே வாழ்கிறது. எனவே உள்ளே வந்த பியூற்றிரேற்று எரிக்கப்படாமல் தேங்கிக் கருவுக்குள் செல்கிறது. அங்கே அதன் வேலையே மாறிவிடுகிறது; எரிபொருள் என்ற நிலை போய், நொதியம் ஒன்றைத் தடுக்கும் பொருளாகிறது.

அந்த நொதியத்தின் பெயர் ஹிஸ்டோன் டிஅசற்றிலேசு. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களில் நூல்கண்டு போலச் சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோனில் அசற்றைல் கூட்டங்கள் சேர்ந்தால் சுற்று தளர்ந்து பரம்பரையலகுகள் வாசிக்கப்படும். நொதியம் அவற்றை அகற்றினால் சுற்று இறுகும். பியூற்றிரேற்று அந்நொதியத்தைத் தடுக்கும்போது அடைந்து கிடந்த சில பரம்பரையலகுகள் திறக்கின்றன. அவற்றுள் முக்கியமானது பி21 என்ற புரதத்துக்குரியது. அது கலவட்டத்தைப் பிடித்து நிறுத்தும் தடை. பியூற்றிரேற்று ஹிஸ்டோன்களில் அசற்றைல் கூட்டங்களைக் குவியச் செய்கிறது என்பது 1977 இலேயே தெரிந்திருந்தாலும், அதை எரிபொருட் கணக்கோடு இணைத்துக் காட்டியது 2012 இல் டொனோஹோவின் குழு வெளியிட்ட ஆய்வு. புற்றுக்கலத்தின் குளுக்கோசு மோகத்தைத் தடுத்து, பியூற்றிரேற்றை எரிக்கும்படி செய்தபோது, அதே பியூற்றிரேற்று அக்கலத்தின் வளர்ச்சியைத் தடுக்காமல் தூண்டியது. முரண் பொருளில் இல்லை, கலத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் வாசித்ததில்லை.

அளவும் இங்கே கணக்கில் வரும். சாதாரணக் கலமும் தன்னால் எரிக்க முடிந்ததைவிட அதிகமான பியூற்றிரேற்றைப் பெற்றால், மிஞ்சியது கருவுக்குள் போய் அதே தடையை ஏற்படுத்தும்.

தடுக்கும் பொருள் என்றால், குழியின் அடியிலுள்ள தண்டுக்கலங்களையும் அது நிறுத்திவிடாதா?

நிறுத்தும், ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால்தான். 2016 இல் கைக்கோவும் ஸ்டாப்பன்பெக்கின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஏனையோரும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. குடலில் சாதாரணமாக இருக்கும் செறிவில் பியூற்றிரேற்றைத் தண்டுக்கலங்கள்மீது நேரடியாகப் பட வைத்தபோது, ஃபொக்சோ3 என்ற புரதத்தின் வழியாக அவற்றின் பிரிவு ஒடுங்கியது. அப்படியிருந்தும் உடலில் அவை தடையின்றிப் பிரிவதற்குக் காரணம் குழியின் அமைப்புத்தான். வாயில் இருக்கும் முதிர்ந்த கலங்கள் வருகிற பியூற்றிரேற்றைத் தாமே எரித்துத் தீர்த்துவிடுவதால், அடிக்குப் போவது மிகச் சொற்பம். குழிகளே இல்லாத வரிக்குதிரை மீனின் குடலில் பியூற்றிரேற்றைச் சேர்த்தபோது கலப்பிரிவு குறைந்தது. எலியின் உட்சுவரில் காயம் ஏற்படுத்தி, மேலேயுள்ள காவற் கலங்கள் இல்லாத நிலையில் பியூற்றிரேற்றைச் செலுத்தியபோது காயம் ஆறத் தாமதமாயிற்று.

புண்பட்ட குடலுக்குப் பியூற்றிரேற்று எப்போதும் மருந்துதான் என்று நம்புகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும்.

வாங்கிகள் வழியாகவும் செயற்படுகின்றனவா?

ஆம். கலமென்சவ்விலுள்ள ஜி.பி.ஆர்.41, ஜி.பி.ஆர்.43, ஜி.பி.ஆர்.109ஏ ஆகிய வாங்கிகள், அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெறும் புரதங்கள், இவ்வமிலங்களை இனங்கண்டு, அழற்சியையும் நோயெதிர்ப்புக் கலங்களையும் கட்டுப்படுத்தும் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. பியூற்றிரேற்றைக் கலத்துக்குள் ஏற்றிவிடும் கொண்டுசெல்லிப் புரதங்களுள் ஒன்று பல பெருங்குடற் புற்றுகளில் அடக்கப்பட்டிருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. தன்னை நிறுத்தும் பொருளுக்குப் புற்று வாசலை அடைத்துக்கொள்கிறது என்று அதை வாசிக்கலாம்.

அசற்றேற்றுக்கும் புரொப்பியோனேற்றுக்கும் பங்கில்லையா?

இவ்விடயத்தில் சிறிய பங்குதான். அசற்றேற்றின் பெரும்பகுதி இரத்தத்தோடு கலந்து ஏனைய இழையங்களுக்குப் போகிறது. புரொப்பியோனேற்றை ஈரல் எடுத்துக்கொள்கிறது. குடற்சுவரிலேயே செலவாவது பியூற்றிரேற்று.

நார் கூடிய உணவு பெருங்குடற் புற்றைத் தடுக்கும் என்பது நிரூபிக்கப்பட்டதா?

விடை எதிர்பார்ப்பைவிடச் சிக்கலானது. 2015 இல் ஓகீஃபின் குழு, 20 ஆபிரிக்க அமெரிக்கர்களுக்கும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேருக்கும் இரண்டு வாரங்களுக்கு உணவை மாற்றிக் கொடுத்தது. நார் மிகுந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களில் பியூற்றிரேற்று உற்பத்தி உயர்ந்து, குழிகளின் கீ-67 அளவு குறைந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு மாறிய கிராமத்தவர்களில் நேரெதிராக நடந்தது. இரு வாரங்களில் குடற்சுவர் இவ்வளவுக்கு இசைந்து கொடுக்கும் என்று பலர் எதிர்பார்த்திருக்கவில்லை.

மறுபக்கத்தில், 2000 ஆம் ஆண்டில் வெளியான இரண்டு பெரிய பரிசோதனைகளில், ஏற்கெனவே பொலிப் (உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டி) அகற்றப்பட்டவர்களுக்கு நார் கூடிய உணவையோ கோதுமைத் தவிட்டையோ சில ஆண்டுகள் கொடுத்தும் புதிய பொலிப்புகள் குறையவில்லை. புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரை நிலையுள்ளவர்களுக்குத் தினமும் 30 கிராம் எதிர்ப்பு மாப்பொருளை, அதாவது சிறுகுடலில் சமிபாடடையாத மாப்பொருளை, கொடுத்த பரிசோதனையில் பெருங்குடற் புற்று குறையவில்லை; ஆனால் 2022 இல் வெளியான நீண்டகாலத் தொடர்ச்சியில் உடலின் ஏனைய இடங்களில் தோன்றும் புற்றுகள் குறைந்திருந்தன. இன்னும் ஒன்று: 2014 இல் வெளியான ஆய்வொன்றில், புற்று உண்டாகாமல் காக்கும் ஏ.பி.சி., எம்.எஸ்.எச்.2 ஆகிய இரு பரம்பரையலகுகளும் பழுதடைந்த எலிகளில் பியூற்றிரேற்று கலப்பிரிவைக் கூட்டியது. மேலே சொன்ன விதி அங்கும் பொருந்துகிறது: அமிலம் என்ன செய்யும் என்பதை அதைப் பெறும் கலத்தின் நிலையே தீர்மானிக்கிறது.

பெருந்தொகை மக்களை ஆண்டுக்கணக்காக அவதானித்த ஆய்வுகள், நார் அதிகம் உண்பவர்களிடையே பெருங்குடற் புற்று குறைவு என்பதைப் பெரும்பாலும் ஒருமித்துக் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நாரைப் பரிந்துரைக்கிறது. இதைப் பின்பற்றுவதற்கு மூலக்கூறு நிலையிலான சர்ச்சை தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பழஞ்சோறு சாப்பிட்டால் பியூற்றிரேற்று கூடுமா?

கொழும்புத் தொடர்மாடி வீடுகளில் பழஞ்சோறு அருகிவிட்டது. ஆனால் இக்கேள்வி மட்டும் குறையவில்லை. சோறு வெந்து ஆறும்போது மாப்பொருளின் அமைலோசு இழைகள் மீண்டும் நெருங்கிப் படிந்து, நொதியங்களால் எளிதில் உடைக்க முடியாத எதிர்ப்பு மாப்பொருளாகின்றன. விரலால் நசித்துப் பார்த்தாலே தெரியும்: சூடான சோறு மசியும், இரவு முழுவதும் குளிரில் இருந்த சோற்றுப் பருக்கை உதிரியாகி விரலுக்குள் இறுகி நிற்கும். அந்த இறுக்கத்தில் ஒரு பகுதி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. மீண்டும் சூடாக்கினாலும் அதன் பெரும்பகுதி அழிவதில்லை.

2015 இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதாயிர் ஜேம்சும் அவருடைய வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவும், அரிசி வேகும் நீரில் சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்து, வெந்த சோற்றை 12 மணி நேரம் குளிரூட்டினால் எதிர்ப்பு மாப்பொருள் கணிசமாக உயர்கிறது என்று அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் அறிவித்தார்கள். அவர்களுடைய நோக்கம் கலோரியைக் குறைப்பது. குடற்கலங்களை அவர்கள் அளக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: கொழும்பின் வெக்கையில் சமைத்த சோற்றை வெளியே மணிக்கணக்காக வைத்திருந்தால், சூட்டுக்குத் தப்பிய பசிலசு என்ற பற்றீரியாவின் வித்திகள் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம், அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. சோற்றைச் சீக்கிரம் ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

சோற்றை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். அவித்த கௌபி, பயறு, பருப்பு, குரக்கன் பிட்டு, பலாக்கொட்டை, வாழைக்காய், காலிமுகத்திடலில் மாலையில் வாங்கும் கடலை ஆகிய அனைத்தும் இப்பற்றீரியாக்களுக்குத் தீனிதான். வெள்ளைப் பாணும் சீனிச் சம்பலுமாகக் கழியும் காலையுணவில் அவற்றுக்குக் கிடைப்பது மிகச் சிறிது.

நெய்யிலும் பட்டரிலும் பியூற்றிரேற்று இருக்கிறதே, அவற்றை உண்டால் போதாதா?

பாற்கொழுப்பில் சில சதவீதம் பியூற்றிரிக் அமிலம் இருப்பது உண்மை. ஆனால் அது சிறுகுடலிலேயே அகத்துறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போய்விடும். பெருங்குடலின் உட்பக்கத்தை அது எட்டுவதில்லை. பியூற்றிரேற்றுக் குளிசைகளும் இதே தடையைத் தாண்டுவதற்காகவே மேற்பூச்சோடு தயாரிக்கப்படுகின்றன. குடற்புற்றைத் தடுக்கும் என்று சொல்லி அவற்றை விற்பவரிடம், எந்தப் பரிசோதனையில் என்று கேளுங்கள்.

நாரைக் கூட்டியவுடன் வயிறு ஊதுகிறது. நிறுத்திவிடலாமா?

நொதித்தலில் அமிலத்தோடு ஐதரசனும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தே வெளிவரும்; ஊதல் அதனால்தான். அளவைக் குறைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டினால் பெரும்பாலோருக்கு அது அடங்கிவிடும். நீரும் போதிய அளவு குடிக்க வேண்டும்.

மலத்தில் இரத்தம் தெரிகிறது. முதலில் உணவை மாற்றிப் பார்க்கலாமா?

கூடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், பல வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் முதலில் வைத்தியரிடம் போக வேண்டும். குடும்பத்தில் நெருங்கிய உறவினர் ஒருவருக்குப் பெருங்குடற் புற்று இருந்திருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் கொலனொஸ்கோப்பி (கமெரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) எப்போது தேவை என்று வைத்தியரிடமே கேட்டுவிடுங்கள். பரிசோதனைக்கு முந்திய சில நாட்களுக்கு நார் குறைந்த உணவையே உண்ணச் சொல்வார்கள். அந்நாட்களில் குரக்கனையும் கௌபியையும் ஒதுக்கி வைத்தால்தான் உட்சுவர் தெளிவாகத் தெரியும்.